அப்பாவின் ரத்தத்தில் ஏறிய எண்

எமரால்டு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அம்மா எழுதுவது. மூன்று நாளாக மழை விடவில்லை என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் குறையில்லை, புவனேஸ்வரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவுக்குப் புற்றுநோயா என்று நீ கேட்டபோது நான் கேரட் விலையைச் சொல்லி மழுப்பினேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது விவரமாகச் சொல்கிறேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வயதாக ஆகப் பெருத்துக்கொண்டே போகுமாம். அப்பா அடிக்கடி பாத்ரூம் போவதும், ஊட்டி பஸ்ஸில் ஏறப் பயப்படுவதும் அதனால்தான். புற்றுநோய் இருந்தால் ஏறும் என்கிற பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில், சாதாரணமாக நாலுக்குள் இருக்க வேண்டியது ஒன்பது வந்தது, இன்னொரு முறை எடுக்கச் சொன்னார்கள். உன் அப்பா அணையில் நீர்மட்டம் குறித்தே ரிட்டயர் ஆனவர் அல்லவா, நீர்வரத்தைக் குறைத்தால் மட்டம் இறங்கும் என்று நினைத்து ஒரு வாரம் தண்ணீரும் டீயும் குடிக்காமலே இருந்துவிட்டார். சிறுநீரில் கிருமி தொற்றிக் காய்ச்சலில் படுத்ததுதான் மிச்சம். அப்போது எடுத்ததில் பதினான்கு. அவரோடு வேலை பார்த்த மோசஸ் பார்க்க வந்தவர், “ஏனுங்கண்ணா, வரத்தை அடைச்சா மட்டம் எறங்கறதுக்கு உங்க ஒடம்பு என்ன டேமுங்களா?” என்று சிரித்தார். “பதினாலு உங்களுக்கு வந்திருந்தா சிரிப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கிருமி இருந்தாலும் இந்த எண் ஏறுமாம். காய்ச்சல் தீர்ந்து ஆறு வாரம் கழித்து எடுத்ததற்கு நேற்று ரிப்போர்ட் வந்தது, ஆறு. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவள் சொல்கிறேன், ஆறு மார்க் என்றால் எத்தனைக்கு ஆறு என்று கேட்காமல் பிள்ளையைத் திட்டக் கூடாது. இதையும் வயதையும் சுரப்பியின் அளவையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம், அப்பாவுக்கு எழுபது வயது, சுரப்பியோ மூன்று மடங்கு பெருத்திருக்கிறது. டாக்டர் விரலால் சோதித்ததிலும் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. இப்போதைக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது, மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம், ஏறினால் ஸ்கேன் எடுக்கலாம் என்றார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், எதையும் மறைக்கவில்லை.

“பாப்பாகிட்டப் போயி இதையெல்லாம் எப்படிச் சொல்றது” என்று கூச்சப்பட்டவர், நேற்று ரிப்போர்ட்டைப் பார்த்ததும், நானே சொல்லிக்கிறேன், நீ சொல்லாதே என்கிறார். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாயிருக்க அம்மாவின் ஆசிகள். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிடும்போது நீயாக எதையும் கேட்காதே. மழை, கேரட், மோசஸ் என்று சுற்றி வளைப்பார், போனை வைத்துவிடாமல் அவர் சொல்லும்வரை கேட்டுக்கொண்டிரு.

அன்புடன்,
அம்மா விஜயா