லயத்துச் செல்லோக்காரிக்கு

வட்டகொடையிலிருந்து ஹட்டனுக்கு வரும் பாதையில் நேற்று பைன் மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. அறுத்த மரத்திலிருந்து வழிந்த பிசினின் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரொசின் கட்டியின் வாசம் அது. நான் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து, பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா, "என்னாங்க டீச்சர், தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். எனக்குள் நீ செல்லோவை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, வில்லை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

ஆள் உயர வயலின் மாதிரி இருந்த அந்தச் செல்லோ நம் கொன்வென்ட் மேடைக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளோடு கிடந்தது. எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் மனைவி விட்டுப்போனதாம். சங்கீதம் சொல்லித்தர வெள்ளிக்கிழமைதோறும் கண்டியிலிருந்து வந்த மிஸ் எனக்கு வயலின் கொடுத்தார். உன் நீளமான கைகளைப் பார்த்துவிட்டு, "உனக்கு அது" என்று மூலையைக் காட்டினார். நீ போய் அதன் தூசியை உன் பாவாடையால் துடைத்தாய்.

நாம் இருவரும் லிந்துலையில் ஒரே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். என் அப்பா தோட்டத்துக் கிளாக்கர், எங்களுக்குக் குவாட்டர்ஸ் இருந்தது. நீ தொழிலாளர்களின் லயத்துப் பிள்ளை, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணி ஹொஸ்டலுக்கு வந்தவள். வீட்டில் இருந்திருந்தால் என்னை உன்னோடு பேசவிட்டிருக்க மாட்டார்கள். ஹொஸ்டலில் நம் கட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

ஒரு டிசம்பர் லீவுக்கு நீ செல்லோவைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனாய். கொழுந்து லொறியில் சாக்குகளின் மேல் அதைப் படுக்கவைத்து, விழாமல் நாம் இருவரும் பிடித்துக்கொண்டு போனோம். மலையிலிருந்து இறங்கி வந்த உன் அம்மா கூடையைக்கூட இறக்கவில்லை.

"இது என்னாடி, ஆள் கணக்கா இருக்கு? எங்க படுக்கப்போடுறது?"

மழை பெய்தால் உங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஒரே ஒரு மூலைதான் ஒழுகாது. உன் அப்பா படுக்கிற மூலை அது. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போனார். அம்மா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்துச் செல்லோவுக்குப் போர்த்திவிட்டார். அந்த லீவு முழுக்க லயத்து ஆட்கள் வேலை முடிந்து வந்து உன் வாசலில் உட்கார்ந்தார்கள். "அந்த எருமை கத்துற மாதிரி சத்தம் வருமே, அத வாசி பாப்பா" என்று கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டே தாழ்ந்த தந்தியில் வில்லை இழுப்பாய்.

இருபது வயதில் இருவரும் கொழும்புக்குப் போனோம். பகலில் நான் ஒரு பாடசாலையிலும் நீ ஒரு கம்பனியிலும் வேலை பார்த்தோம். வாரத்தில் மூன்று நாள் ஓர் இசைக்குழுவின் ஒத்திகை. எனக்குக் கிடைத்தது இரண்டாம் வயலின், கடைசி வரிசை. நீ மூன்றே வருஷத்தில் செல்லோக்களின் முன்வரிசைக்குப் போய்விட்டாய். அங்கே எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். இடைவேளையில் நீ அதிகம் பேசமாட்டாய். வாசிக்க ஆரம்பித்தால் மற்ற செல்லோக்காரர்கள் உன் வில்லைப் பார்த்துத்தான் தங்கள் வில்லை எடுத்தார்கள்.

அது சண்டைக்காலம். மூலைக்கு மூலை சோதனைச் சாவடி. நான் அடையாள அட்டையை நீட்டிவிட்டுப் போய்விடுவேன். உன்னிடம் அட்டை இல்லை. தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம்தான். பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், செல்லோவின் ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். "எனக்கு இல்லாட்டியும் இதுக்காவது ஒரு ஐடென்டிட்டி கார்டு கேக்கணும்டி" என்பாய். அந்தச் சிரிப்பு அடுத்த சாவடிவரை தாங்காது.

பிறகு அந்த அழைப்பு வந்தது. ஐரோப்பாவில் ஓர் இசைவிழா. நம் குழுவிலிருந்து நான்கு பேர் மட்டும். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. உன்னை மையமாக வைத்துத்தான் மற்ற மூவரையும் தேர்ந்தெடுத்தார்கள். உன்னோடு சின்ன வயதிலிருந்து வாசித்தவள் என்பதால்தான் எனக்கே இடம் கிடைத்தது.

உன் பாஸ்போர்ட்டுக்காக நாம் நுவரெலியா அரசாங்கக் கச்சேரிக்குப் போனோம். "இந்தக் கச்சேரி முடிஞ்சாத்தான் அந்தக் கச்சேரி" என்று வாசலில் சிரித்தாய். உள்ளே அதிகாரி உன் அப்பாவின் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தார். உன் அப்பா பல வருஷங்களுக்கு முன்னால், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்து, இந்தியப் பாஸ்போர்ட்டும் எடுத்திருந்தார். கோழிகளைக்கூடப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் பயணம் சொல்லிவிட்டு நின்றபோது சண்டையால் கப்பல் நின்றுபோனது. அவர் அங்கேயும் போகவில்லை, இங்கேயும் பிரஜை ஆகவில்லை. நீ அதற்குப் பிறகும் இங்கேதான் வளர்ந்தாய், ஆனால் உன் பெயரும் அவர் பத்திரத்தில்தான் இருந்தது.

"நீங்க இந்த நாட்டுப் பிரஜை இல்லையே, தங்கச்சி" என்றார் அந்த அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

இரண்டு மாதம் அலைந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. உன் இடத்துக்கு வேறொருவரைப் போட்டார்கள். அன்று கொள்ளுப்பிட்டி பஸ் நிறுத்தத்தில் நான் உன்னிடம் கேட்டேன்: "நானும் போகாம இருந்துடவா?"

நீ என்னைப் பார்க்கவில்லை. "அத என்கிட்ட கேக்காத. போன்னு சொன்னா நான் நல்லவ, போகாதன்னு சொன்னா கெட்டவ. அத என் தலையில கட்டாத."

நான் போனேன். அந்த மேடையில் உன் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் நன்றாகத்தான் வாசித்தார். கைதட்டினார்கள். நான் குனிந்து வணங்கினேன்.

திரும்பி வந்தபோது நீ என்னோடு பேசவில்லை. ஏழெட்டு மாதம். ஒத்திகையில் நேர் எதிரே உட்கார்ந்து உன் சுரத் தாளைப் பார்ப்பாய், குழுவை நடத்துபவரைப் பார்ப்பாய், என்னைப் பார்க்கமாட்டாய். ஒரு நத்தார் கரோல் நிகழ்ச்சியில் ஆள் குறைந்து நான் முன்வரிசைக்கு வரவேண்டியிருந்தது. நடுவில் எனக்கு இடம் தவறிவிட்டது. தாளில் எந்தத் தாளக்கட்டத்தில், எந்தப் பாரில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை, வில் காற்றில் நிற்கிறது. அப்போது என் பகுதியின் சுரங்கள் தாழ்ந்த குரலில் கேட்டன. நீ உன் பகுதியை விட்டுவிட்டு என்னுடையதைச் செல்லோவில் வாசித்துக்கொண்டிருந்தாய். நான் பிடித்துக்கொண்டதும் உன் இடத்துக்குத் திரும்பிப் போனாய். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முடிந்ததும் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டாய்: "நாப்பதாவது பார்ல எங்கடி போயிட்ட?"

அவ்வளவுதான். அன்று ஒரே குடையில் பஸ்ஸுக்கு நடந்தோம். போனதைப் பற்றி நானும் பேசவில்லை, நீயும் பேசவில்லை.

நான் கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்துவிட்டேன். சில வருஷம் கழித்துப் பிரஜாவுரிமைச் சட்டம் மாறியது. உன் கையில் அட்டை வந்தது, பாஸ்போர்ட்டும் வந்தது. அதைப் பார்க்க உன் அப்பா இல்லை. முதல் அழைப்பு சென்னையிலிருந்து வந்தது. வழியனுப்பக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்தேன். டிக்கெட்டை எடுத்து என்னிடம் காட்டினாய்.

"அப்பா போகவேண்டிய ஊரு. நான் ரிட்டன் டிக்கெட்டோட போறேன், பாத்தியா?"

அங்கே தனியாக முக்கால் மணி நேரம் வாசித்தாய். முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, உங்களுக்குப் பூர்வீகம் எது என்று கேட்டாராம். லிந்துலை என்றாயாம். அது எந்த ஜில்லா என்று அவர் யோசித்துக்கொண்டு நின்றதை நடித்துக் காட்டினாய்.

அடுத்த வருஷம் மார்பில் கட்டி. ஒப்பரேஷனுக்குப் பிறகு இடது கை வீங்கி, விரல்கள் தந்தியை அழுத்த மறுத்தன. செல்லோவோடு அம்மாவிடம் வந்துவிட்டாய். நான் பாடசாலை விட்டதும் வயலினை எடுத்துக்கொண்டு லிந்துலைக்கு வருவேன். இடது கையை மடியில் போட்டுக்கொண்டு, வலது கையால் வெறும் தந்திகளில் வில்லை இழுப்பாய். "நாலு தந்தி இருக்குல்ல, போதும். மிச்சத்த நீ வாசி." உன் நான்கு சுரங்களின் மேல் நான் வாசித்தேன். அந்த நாட்களில் வாசித்ததுபோல் நான் எந்த மேடையிலும் வாசித்ததில்லை.

அப்படி ஒரு பின்னேரம், வெளியே கொழுந்து நிறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் வில்லை இறக்கிவிட்டேன்.

"அன்னைக்கு நான் போனது தப்புடி."

"தப்புதான்" என்றாய். யோசிக்கவே இல்லை. "ரொம்ப நாள் வலிச்சிச்சு. அதுக்காக ஒன்னய விட்டுட முடியுமா? வில்ல எடு."

நான் அழுதேன். நீ தந்தியில் வில்லை இழுத்துக்கொண்டு காத்திருந்தாய். மூன்று வாரத்தில் நீ இல்லை.

என் வீட்டுக்காரர் சொல்கிறார், அதில் தப்பு என்ன இருக்கிறது, நான் போகாமல் இருந்திருந்தால் உனக்குப் பாஸ்போர்ட் கிடைத்திருக்குமா என்று. அன்பில்தான் சொல்கிறார். எனக்கு அது ஒட்டவில்லை. தப்புதான் என்று சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டவள் நீ ஒருத்திதான். எனக்கு ஆறுதல் அதில்தான் இருக்கிறது.

இப்போது என் பாடசாலையில் பதினாறு வயதாகும் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்களை நான்தான் பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையின் லயத்துக்கே போய் அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன். கிராம சேவகரின் கையெழுத்துக்கு நானே நிற்கிறேன். "இது ஒங்க வேல இல்லையே டீச்சர்" என்கிறார் எங்கள் பாடசாலை அதிபர். இந்த முறை ஒரு பிள்ளையின் அப்பா பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருக்கிறது. அதைத் திருத்த நாளைக் காலை அவளையும் கூட்டிக்கொண்டு அதே நுவரெலியாக் கச்சேரிக்குப் போகிறேன்.