கறுப்புக் கோடு விழுந்த எலி

14 மார்ச் 1976, மெல்பேர்ண்

காலையில் ஐந்து குட்டிகள் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை. தாயெலி தின்றுவிட்டது.

என் பிழை. தோழி ரஞ்சினியின் பிள்ளைக்கு இன்று முப்பத்தொன்று, பேற்றுத் துடக்குக் கழிகிற நாள். வாசலிலேயே பன்னீர் தெளித்துச் சந்தனம் தந்தார்கள். அந்தக் கையோடு நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்க் கூட்டைத் திறந்து குட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். ஈன்ற எலிக்கு அந்நிய வாசம் ஆகாது என்று மாணவர்களுக்குப் படிப்பிக்கிறவள் நான்! மூன்று மாத வேலை. எருமை, எருமை.

15 மார்ச்

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அதுதான் கூடச் சுட்டது. "ஜூன் வரை பார். அதோடு இந்த ஆய்வை நிறுத்துகிறோம். புற்று என்றால் புற்றுத்தான், சிவா."

இல்லை. கறுப்பெலியின் புற்றணுக்களை வெள்ளெலியின் இளங்கருவுக்குள் வைத்தால், வளரும் கரு அவற்றைத் திருத்திவிடும். நல்ல தோலும் மயிருமாக ஆக்கிவிடும். ஆறு வருடமாக இதைத்தானே சொல்லி வருகிறேன்! ஒரு குட்டி போதும் எனக்கு.

2 மே

நாற்பது கருக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் புற்றணுக்களை ஏற்றினேன். வளர்ப்புத் தாயெலிகளுக்குள் வைத்தாயிற்று.

19 மே

ஒருத்தி குட்டி போட்டுவிட்டாள். எத்தனை? தெரியாது. திறக்கவில்லை. கூட்டைத் துணியால் மூடி, "யாரும் தொடக்கூடாது" என்று அட்டை தொங்கவிட்டேன். பவுடர், வாசச் சவர்க்காரம் எல்லாவற்றையும் விட்டாயிற்று.

வீட்டில் இவருக்கு ஒரே சிரிப்பு. "எலிக்கும் துடக்குக் காக்கிறீரோ?"

"ஓம், காக்கிறன். பிள்ளை பெத்த வீட்டுக்கை முப்பத்தொண்டு வரைக்கும் ஆரும் போறதில்லைத்தானே? எலிக்கு ஒன்பது நாள்."

23 மே

திறக்கவில்லை.

28 மே

ஏழு குட்டிகள். ஆறு வெள்ளை. ஏழாவதன் முதுகிலிருந்து வயிறு வரை கறுப்புக் கோடு!

கத்திவிட்டேன் போல. பேராசிரியர் ஓடி வந்தார். என் கையிலிருந்த உருப்பெருக்கு வில்லையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "புற்று என்றால் புற்றுத்தான் என்று சொன்ன முட்டாள் யார்?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

இவருக்குப் போன் எடுத்தேன். "வரதராஜா, வெண்டிட்டன்!" வென்றதைச் சொல்லி வைத்த பிறகுதான் உறைத்தது. கலியாணம் கட்டி எட்டு வருடம், முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். அவரும் அதைக் கவனிக்கவில்லை.

3 ஆகஸ்ட் 1978

கறுப்புக் கோடு விழுந்த கோடன் காலையில் செத்துக் கிடந்தான். இரண்டு வருடமும் இரண்டு மாதமும் வாழ்ந்திருக்கிறான். எலிக்கு அது கிழட்டு வயசு. இருந்தும் மனசு கேட்கவில்லை.

நானே அறுத்துப் பார்த்தேன். ஈரல், நுரையீரல், குடல், எலும்பு – எங்கேயும் ஒரு கட்டி இல்லை. ஒரு கடுகளவும் இல்லை.

இவர் போனில் கேட்டார்: "அப்ப இனிச் செத்த வீட்டுத் துடக்கும் முப்பத்தொரு நாளோ?"

"ஓம்" என்றேன். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து பதிவேட்டை நிரப்பினேன். மரண காரணம்: முதுமை.