கேம்பர் வண்டியில் போன வீட்டுக் காகிதம்

7, திங்கள்

காலையிலிருந்து மழை. செம்பூர் ஷெட்டில் வண்டி அரைமணி நேரம் அடம். பதினைந்து வயது டீசல். ஹீட்டர், சாவி, மறுபடி ஹீட்டர். நாலாவது தடவை கரும்புகை, பிறகு உயிர்.

முன்பு இது பள்ளிக்கூட வேன். முதலாளி காதர் பாய் சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், அடுப்பு, சிங்க், மேலே அலமாரி வைத்தார். இப்போது கேம்பர் வேன். நான் டிரைவர்.

கெஸ்ட்: மாட்டுங்கா கௌஷிக் சார், மனைவி மேகா மேடம். கன்னியாகுமரி போய்த் திரும்ப இரண்டு வாரம்.

பார்த்தது: டயர், ஸ்டெப்னி, கூலண்ட், கேஸ், தண்ணீர் டாங்க். பார்க்காதது: மேல் அலமாரி. போர்வைதானே.

மேகா மேடம் போனில் படம் பிடித்துக்கொண்டே, "இவ்ளோ சின்ன இடத்துல ரெண்டு பேர் வாழ முடியுமான்னு பார்க்கப் போறோம்!"

வண்டி உள்ளே பதினாலுக்கு ஆறு அடி. தாராவியில் எங்கள் வீடு பத்துக்கு எட்டு. வண்டிதான் பெரிசு. வீட்டில் அம்மா, தங்கை இசக்கி, நான். எங்களை யாரும் படம் பிடிக்கவில்லை.

கண்டாலா ஏற்றம் முழுக்க இரண்டாவது கியர். முந்திப்போன லாரிக்காரன், "தக்கா மாரூன் க்யா?" தள்ளிவிடட்டுமா என்று கேலி. கௌஷிக் சார் சிரித்தார். நானும்.

8, செவ்வாய்

கோலாப்பூர் தாண்டியும் மழை. இடது வைப்பர் செத்தது. டீசல் நாற்றம் என்று மேடம் ஊதுபத்தி ஏற்றினார். இப்போது இரண்டு நாற்றம்.

இசக்கி போன். சந்தில் சர்வே பேச்சு. இடித்துக் கட்டப்போகிறார்கள். பழைய காகிதம் காட்டுகிறவனுக்கு அங்கேயே வீடு. இல்லாதவனை எங்கோ தூரத்தில் கொட்டுவார்கள். "நமக்கு அடுத்த மாசந்தானாம்ண்ணே" என்றாள். சரி என்று வைத்தேன்.

பெல்காமில் தங்கல். கௌஷிக் சார் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மழையில் சிக்னல் தேடினார். பாவமாகவும் இருந்தது.

9, புதன்

மலை இறங்கி கார்வார். கடல் சாம்பல் நிறம். பதினொரு மணிக்கு மறுபடி இசக்கி.

"அண்ணே, சர்வேக்காரனுவ பக்கத்துச் சந்துக்கு வந்துட்டானுவ. நாளைக்கு நமக்காம். காகிதப் பை எங்க?"

வண்டியை ஓரம் கட்டினேன்.

ஜூன் வந்தால் எங்கள் சந்தில் எல்லோரும் காகிதத்தை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வரும். சிலருக்கு ஆபீஸ் லாக்கர், சிலருக்கு டோம்பிவிலியில் மாமனார் வீட்டு மாடி. எங்களுக்கு இந்த வண்டி. மழைக்காலம் முழுக்க ஷெட்டில் சும்மா நிற்கும். போர்வைக்கு அடியில் நானே வைத்தேன். எங்களுக்குத் தெரிந்த நனையாத இடம் இது ஒன்றுதான். மழையில் யார் வாடகைக்குக் கேட்கப்போகிறார்கள்? இந்த வருஷம் மழை பார்க்கவென்றே இரண்டு பேர் வந்தார்கள். கிளம்பும் அவசரத்தில் பையை எடுக்க மறந்தே போனேன்.

அலமாரியைத் திறந்தேன். நீல ரெக்சின் பை. இருந்தது.

"என்ன செல்வா அது?"

"வீடு, மேடம்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

10, வியாழன்

கோகர்ணம். ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து இசக்கிக்கு அனுப்பினேன். அவள் போனைச் சர்வேக்காரனிடம் நீட்டினாள். குரல் கேட்டது. "போட்டோ சாலணார் நாஹி. ஒரிஜினல்." போட்டோ செல்லாதாம். பின்னால் அம்மா: "எய்யா, எம்புள்ள வந்துருவான். செத்த பொறுங்கய்யா." அம்மாவுக்கு மராத்தி வராது. அவனுக்குத் தமிழ் தெரியாது. கெஞ்சலுக்கா மொழி? நாளை மதியம்வரைதான் சந்தில் இருப்பார்களாம்.

திரும்பிவிடலாமா என்று கௌஷிக் சாரிடம் கேட்டேன்.

"புரியறது செல்வா. ஆனா எனக்கு லீவு இந்த ஒரு தடவதான். கூரியர் பண்ணிடேன்ப்பா."

கூரியர் கடைக்காரன் சொன்னது: இந்த மழையில் நாலு நாள்.

காதர் பாய் போனில்: "கெஸ்ட்ட நடுவழியில விட்டுட்டு வர்றதா இருந்தா சாவிய அவங்க கையிலயே குடுத்துரு. அப்பறம் ஷெட்டுப் பக்கம் வராத." கொஞ்சம் நிறுத்தி, "வேற டிரைவர அனுப்பணும்டா. என் நெலமயும் பாரு."

சாவியைக் கொடுத்தேன். ஹீட்டர் எப்படிப் போடுவது, இரண்டாவது கியர் எப்படி விழும், காட்டினேன். சார் முகத்தில் பயம். அதைப் பார்த்து ஒரு நொடி சந்தோஷம். கேவலம்தான், ஆனால் உண்மை. மேடம் ரொட்டி கட்டித் தந்தார். வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம். பசி.

சாயங்கால ரயில். ஜெனரல் பெட்டி, கக்கூஸ் ஓரம். பை சட்டைக்குள்.

11, வெள்ளி

இன்னும் மூன்று மணி நேர ஓட்டம் இருக்கும்போது மண் சரிவு. ரயில் ஐந்து மணி நேரம் நின்றது. மணி பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பக்கத்து ஆள் சீட்டாடக் கூப்பிட்டான். இசக்கி ஏழு தடவை போன். பிறகு நிறுத்திவிட்டாள்.

சந்துக்குள் நுழைந்தபோது நாலரை. கதவுகளில் சிவப்பு பெயிண்டில் நம்பர். இடப்பக்க வீடு 41. வலப்பக்க வீடு 42. நடுவில் எங்கள் கதவு, வெறுமனே. எங்களுக்கென்று இடையில் ஒரு எண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை.

இசக்கி சொன்னாள்: "ஒரு மணிவரைக்கும் நின்னானுவ. அப்பறம் ஆபீசுக்கு வந்து மனு குடுங்கன்னுட்டுப் போயிட்டானுவ."

"எந்த ஆபீஸ்?"

"சொல்லல."

அம்மா பையைப் பிடுங்கினாள். "நனஞ்சிட்டாய்யா?"

தரையில் ஈரம் என்பதால் கட்டிலில் பரப்பினோம். ரேஷன் கார்டு. பழைய லைட் பில். அப்பா பெயர் உள்ள வாக்காளர் பட்டியல். அப்பாவின் இறப்புச் சான்றிதழ். அம்மா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

ஒரு தாள்கூட நனையவில்லை.