நனைந்தவனைத் திட்டும் கடைக்காரம்மா

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு லேசாகச் சளி, அவ்வளவுதான்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். வீடியோ கேமில் தெருவில் நடமாடும் ஆட்கள் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதுவதுதானே என் வேலை? அதில் ஒரு கடைக்காரம்மாவை உருவாக்கினேன். கதாநாயகன் மழையில் நனைந்து வந்தால், "குடை எடுத்துட்டுப் போனா கையா ஒடிஞ்சிடும்? மொதல்ல தலையைத் துவட்டு!" என்று திட்டுவாள். எல்லாம் உன் வசனம்தான்.

மேலதிகாரி முகத்தைச் சுளித்தார். "முன்னப்பின்ன தெரியாதவனை யாரு இப்படித் திட்டுவா? நம்புற மாதிரியே இல்ல. தூக்கிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னையே நம்ப முடியாதாமே! "அவன் பத்தாவது மாடியிலேருந்து குதிச்சு, துணியைத் தட்டிவிட்டுட்டுப் போறானே, அதை மட்டும் நம்புறீங்களா?" என்று கேட்டேன். கேமைச் சோதித்துப் பார்க்கிறவர்களோ, திட்டு வாங்குவதற்கென்றே மழையில் நின்றுவிட்டு அவள் கடைக்குப் போகிறார்கள்.

அவளை நான் தூக்கமாட்டேன். ஆனால் குரல் கொடுக்கும் நடிகை செய்தி வாசிப்பதுபோல் திட்டுகிறாள். நீயே ஒருமுறை திட்டி, போனில் பதிவு செய்து அனுப்பு. வேலைக்குத்தான்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். வழக்கம்போல் என் பெயரைச் சொல்லியே திட்டு. கேமில் போடும்போது அதை மட்டும் வெட்டிவிடுகிறேன். என் போனில் அப்படியே இருக்கட்டும்.

உன் மகள்