நீ தூங்கவில்லை என்று சொல்ல வைத்தேன்

படகுக்குப் புதிதாக வந்த நைட் விஷன் கருவியை இன்று பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்தேன். கண்ணை ஒட்டும் ரப்பரின் வாடை குப்பென்று ஏறியது. காவல் முடிந்து வந்து என் பக்கத்தில் படுக்கும்போது உன் நெற்றியிலும் இதே வாடைதான் அடிக்கும். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

வடக்கனந்தலில் பிறந்த நாம் இரண்டு பேரும் புதுச்சேரியில் பாய்ப்படகு வேலைக்குச் சேர்ந்தபோது ஊரே சிரித்தது. ஏரியில்கூட நீந்தத் தெரியாதவன் நீ. ஆனால் இருட்டு உனக்குப் பழக்கம். கல்வராயன் மலையடிவாரத்து மக்காச்சோளக் காடுகளில் உன் அப்பாவோடு பரணில் உட்கார்ந்து பன்றி விரட்டியவன் ஆயிற்றே. "நேரா உத்துப் பாத்தா ஒண்ணும் தெரியாதுடா, கொஞ்சம் ஓரமா பாரு" என்பாய். கருவியை ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை இருட்டுக்கே விட்டுவைப்பாய். விளக்கில்லாத வள்ளமோ வலை மிதவையோ எதுவும் உன்னிடம் தப்பியதில்லை.

அந்த ராத்திரி, மழைவெள்ளம் ஆற்றோர மரங்களைக் கடலுக்கு அடித்து வந்திருந்தது. நீ முன்முனையில் காவல், நான் சுக்கானில். கருவி மட்டும் உன்னிடம் இல்லை. கேப்டன் அதை விருந்தாளிகளிடம் கொடுத்து, கரையைப் பச்சை பச்சையாகக் காட்டி வேடிக்கை பண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், வெள்ளம் வந்துகீது. மரம் மிதக்கும். அத்த குடுங்க" என்று மறுபடி மறுபடி கேட்டாய்.

"கண்ணு இருக்குல்ல, பாரு" என்றார்.

பிறகு உன் கத்தல்தான் கேட்டது. "வலது பக்கம் ஒடிச்சித் திருப்புடா." திருப்பினேன். மரம் நேரே மோதாமல் படகின் விலாவில் இடித்தது. படகு தப்பியது, விருந்தாளிகள் தப்பினார்கள், அந்தக் கேப்டனும் தப்பினார். அந்த ஒரு குலுக்கலில் நீ தண்ணீருக்குள் போனாய். விடியும்வரை தேடினோம். உடல்தான் கிடைத்தது.

விசாரணையில் கேப்டன், கருவியைக் கையில் வைத்துக்கொண்டே நீ தூங்கிவிட்டாய் என்றார். தூங்குகிறவன் எப்படிக் கத்துவான் என்று கேட்டேன். கூட்டாளிக்காகப் பேசுகிறான் என்று தள்ளிவிட்டார்கள். விருந்தாளிகள் வாயே திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சேதி ஊருக்கு வந்ததும் உன் அப்பாவைக் காவலுக்குக் கூப்பிடுவது நின்றது. "புள்ள தூங்குனவன், அப்பன் மட்டும் முழிச்சிக்கினு இருப்பானா" என்றார்கள். பன்றிக் காவல் தவிர வேறு வேலை தெரியாத மனிதர் வீட்டோடு முடங்கிப்போனார்.

இப்போது அந்தப் படகுக்கு நான்தான் கேப்டன். ஆள் எடுப்பதும் நானே. போன மாதம் அந்தப் பழைய கேப்டன் வேலை கேட்டு வந்தார், தலை நரைத்து, செருப்பு தேய்ந்து. பாவப்பட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வயிறு குளிர்ந்தது. "எங்க ஊருக்கு வந்து நடந்தத சொல்லுங்க, வேலை தர்றேன்" என்றேன்.

வந்தார். நிலக்காரர்கள் டீக்கடையில் கூடும் நேரம் பார்த்து, உன் அப்பாவையும் அழைத்து, பழைய கேப்டனை நடுவில் நிறுத்தினேன்.

"அவன் தூங்கல. கருவி எங்கிட்ட இருந்துச்சி. அவன் கத்துனதாலதான் நான் உசுரோட கீறேன்" என்றார்.

உன் அப்பா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிலக்காரர்களைப் பார்த்து, "இன்னிக்கி யாரு காட்டுக்குப் போவட்டும்?" என்றார். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டே, "என் காட்டுக்கு வாங்க" என்றார்.

திரும்பும் பேருந்தில் பழைய கேப்டன், "எப்ப வந்து சேரட்டும்?" என்று கேட்டார்.

"வேலை இல்ல" என்றேன்.

"வாக்கு குடுத்தியேப்பா."

"குடுத்தேன்" என்றேன்.

கள்ளக்குறிச்சி வரும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தார். நீ இருந்திருந்தால், "வுடுடா, வயசான ஆளு" என்றிருப்பாய். நீதான் இல்லையே. நான் விடவில்லை, இன்னும் விடவில்லை.