அப்பா நிறுத்திய மாத்திரை

செவ்வாய், இரவு.

காலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்: "எம் பொண்ணு இதய மருந்துலதான் ஆராய்ச்சி பண்ணுதுங்க. அது எழுதுன கட்டுரைய வெளிநாட்டுலல்லாம் மேற்கோள் காட்டுறாங்க."

"சரிங்க, பிரஷர் மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?"

"பீங்கான் சூளையில கூட வேலை செய்யிறவரு, கிட்னி போயிடும்னாருங்க."

அந்த மாத்திரையைப் பற்றித்தான் இத்தனை வருடமாக எழுதுகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டார்: "இந்த வருஷம் எத்தினி பேரும்மா மேற்கோள் காட்டியிருக்காங்க?"

"நெறைய பேருப்பா. நம்ம வூட்டுலதான் ஒருத்தர் கொறையிறாரு."

ராத்திரி என் கண் முன்னால் மாத்திரையை விழுங்கினார். நாளை நான் சென்னை போய்விடுவேன். சூளைக்காரர் இங்கேயேதான் இருப்பார்.