நாலரை மணிக்குத் திறந்த ஜன்னல்

மாதா துணை
தூத்துக்குடி
ஜூலை 12

அன்பு மகள் அனுஜாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே ஜெர்மனியில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், ஆனால் போனில் உன் கன்னம் ஒட்டிப்போயிருப்பதைப் பார்த்தால் நம்பிக்கை வர மாட்டேன் என்கிறது. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், உன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அம்மாவும் பக்கத்திலேயே இருப்பாள். அதனால் எழுதி, எதிர்வீட்டு விஜிலாவிடம் கொடுத்துப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு, நடுவில் கோபப்படாதே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மே மாதத்தில் இதே வீட்டில்தான் அம்மா வெக்கை தாங்காமல் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள், வாதம் வந்த உடம்பு இன்னொரு கோடையைத் தாங்குமா என்று டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். இந்த மே மாதம் வெளியே அனல் பறந்தது, மேல்காற்று தெரு மண்ணை எல்லாம் வாரி வீட்டுக்கு வீடு போட்டது, நம் வீட்டுக்குள் மட்டும் அம்மா போர்வை கேட்டாள். ஒரே ஒரு சின்ன ஏசி, அதுவும் பாதி நேரம் சும்மா இருக்கிறது. எண்பது வருஷத்துக்கு முன்னால் கடல் பாறையை வெட்டிக் கட்டிய கடல்கல் வீடு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று சொல்லாத ஆள் இல்லை. நீதான் போன ஆகஸ்டில் பன்னிரண்டு நாள் லீவில் வந்து சுவர் சுவராக அளந்து, மொட்டைமாடிக்கு மேலே கனத்த பலகை, சுவருக்கு வெளியே மெத்தை மாதிரி ஒரு உறை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, காற்றைச் சலித்து உள்ளே அனுப்ப ஒரு மெஷின் என்று படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். ஜெர்மனியில் குளிருக்கு அடைக்கிற வித்தையை என் மகள் வெக்கைக்கு அடைத்துக் காட்டினாள் என்று துறைமுகத்தில் என்னோடு கப்பல் இழுக்கிற டக் போட்டில் வேலை பார்த்தவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டு அலைந்தேன். இப்போதும் பீற்றத்தான் செய்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை வீட்டுக்குள் ஈரம் ஏறுகிறது என்று சுவரில் மாட்டியிருக்கிற ஈரம் அளக்கும் கருவி உன் போனில் காட்டுகிறது இல்லையா, முன்னறைச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பூத்ததும் அதனால்தான் என்றாய் இல்லையா, கொத்தனார் நேசக்குமார் கூரை மூட்டில் எங்கேயோ ஓட்டை விட்டுவிட்டான் என்று முடிவு கட்டினாய் இல்லையா. ஓட்டை எங்கேயும் இல்லை. நான்தான் முன்னறை ஜன்னலைத் திறக்கிறேன். ஜன்னலைத் திறக்கிறீர்களா அப்பா என்று நீ மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் இல்லை என்று பொய் சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்ன அசிங்கத்தை என்னவென்று எழுதுவது.

ஏன் திறந்தேன் என்று கேள். அம்மாவுக்கு வாதம் வந்து வாய் கோணிப் பேச்சு போனபோது நீ வந்து பார்த்தவள்தான். பேசப் பேசத்தான் பேச்சு வரும் என்று டாக்டர் சொன்னார். என்னோடு என்ன பேசுவாள், நாற்பது வருஷமாகப் பேசி முடித்தாயிற்று. அந்த முன்னறை ஜன்னல்தான் அவளைப் பேச வைத்தது. நாலரைக்குக் கடல்காற்று திரும்பியதும் தெருப் பெண்கள் மீன் வாங்கிக்கொண்டு வருவார்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிஷம் நிற்பார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் கப்பலேறினார்கள், எந்த மீன் என்ன விலை எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் உள்ளே வரும். அம்மா முதலில் தலையை ஆட்டினாள், பிறகு ஒரு சொல், பிறகு மூன்று சொல், போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் விஜிலா கொண்டுவந்த ஊளி மீனைப் பார்த்து இது நேற்றையது என்று முழு வாக்கியமாகக் குறை சொன்னாள். தவக்காலத்துக்கு முன்னால் வேலை முடிந்து, திறக்கக் கூடாது என்று நீ எழுதி அனுப்பிய சீட்டை ஜன்னலில் ஒட்டினோம். அதற்கப்புறம் பெண்கள் வந்து பார்த்தார்கள், கண்ணாடி அடைத்திருந்தது, இரட்டைக் கண்ணாடிக்கு வெளியே கத்தினாலும் உள்ளே கேட்காது. நம் தெருவில் பகலில் வீட்டை அடைத்து வைத்தால் ஒன்று சாவு, இல்லையென்றால் சண்டை. மகள் அனுப்பிய கண்ணாடிக்கு நம்ம மூச்சு ஆகாதோ என்று யாரோ சொன்னார்களாம். கதவைத் தட்டி உள்ளே வந்தால் அது விருந்துக்கு வருகிற மாதிரி ஆகிவிடும், கையில் மீனோடு யார் வருவார்கள்.

உயிர்த்த ஞாயிறு அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பூசை முடிந்து வந்து என்ன சாப்பிடுகிறாய் என்றேன், ம் என்றாள். இட்லியா என்றேன், ம் என்றாள். காலையிலிருந்து அவள் வாயில் அந்த ஒரு சத்தம்தான், யோசித்துப் பார்த்தால் பல நாளாகவே அப்படித்தான். மறுநாள் நாலரைக்கு உன் சீட்டைப் பிய்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அம்மா இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, பிள்ள சொன்னது, பிள்ள சொன்னது என்றாள். உன் வேலை கெட்டுப்போகக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள் அனுஜா. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. விஜிலாவைக் கூப்பிட்டேன், அவள் ஓடி வந்து, ஏக்கா, செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேன் என்று திட்டினாள், உன் அம்மா சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் திறக்கிறேன்.

பொய்யோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. போன மாதம் நீ போனில் நேசக்குமாரிடம் சத்தம் போட்டதும் அவன் வந்து தான் கட்டிய கூரைப் பலகையைத் தானே பிரித்தான். இரண்டு நாள். வாசல் கதவில், காற்றை உறிஞ்சி ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும் அந்தப் பெரிய விசிறியை மாட்டிக்கொண்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டு மூட்டாகக் காட்டினான், புகை ஒரு இடத்திலும் அசையவில்லை. அண்ணாச்சி, எங்கன ஓட்டன்னு காட்டுங்க, நான் அடச்சிருதேன், எனக்கே தெரிய மாட்டேங்கே என்று வியர்வை வழிய நின்றான். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிலே ஒரு எழுத்து நான் படிக்கவில்லை. இப்போது நம் கோவில் பங்கு நடத்தும் முதியோர் இல்லத்துப் பழைய கட்டடத்தையும் இதே மாதிரி மாற்ற உன்னிடம் படம் கேட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்கு எழுதும்போது நேசக்குமார் வேண்டாம் என்று எழுதப்போகிறேன் என்றாய். அந்த வேலையை நம்பித்தான் அவன் வேறு இரண்டு வேலையை விட்டிருக்கிறான். முந்தாநாள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கிட்ட சொன்னது சரி, பழி சுமக்கிறவன்கிட்டயும் மகள்கிட்டயும் எப்ப சொல்லுதீக என்று கேட்டுவிட்டு, அதையே எனக்குப் பிராயச்சித்தமாகக் கொடுத்தார். ஜெபமாலை நூறு சொல்லச் சொல்லியிருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன்.

நேற்று நேசக்குமார் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்துவிட்டான். நின்றபடியே சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தால், அப்போ எங் கை சரியாத்தான் இருக்கு என்றான். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியாத்தானே அண்ணாச்சி இருக்கு என்று இன்னொரு தடவை கேட்டான். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து எனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னான். மகளே, நீ ஞாயிற்றுக்கிழமை எழுதும்போது அவன் பெயரைத்தான் எழுத வேண்டும், அதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். குற்றம் என்னுடையது என்றாலும் சத்தம் போட்டது நீ.

ஜன்னலுக்கு என்ன வழி என்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். டக் போட்டில் ஒரு அறைக்குள் தண்ணீர் புகுந்தால் அந்த அறைக் கதவை மட்டும் இறுக்கி அடைத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றுவோம். அதே மாதிரி முன்னறைக்கும் வீட்டுக்கும் நடுவே காற்றுப் போகாத கதவு ஒன்று போட்டு, முன்னறையை மட்டும் தெருவுக்கு விட்டுவிடலாமா, அதற்குக் குளிர்ச்சி வேண்டாம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அம்மா உள்ளே வந்துவிடுவாள். உன் கணக்குக்கு ஒத்து வருமா பார். நீ படித்த படிப்பு உன் அம்மாவின் உயிரைக் காப்பாற்றியது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. பேச்சையும் காப்பாற்ற ஒரு படம் போட்டுக் கொடு. முடியாது என்று நீ சொன்னால் பூஞ்சையைத் தினமும் நானே துடைக்கிறேன், ஜன்னலை மட்டும் அடைக்க மாட்டேன், இது அப்பாவின் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்.

ராத்திரி கண் விழித்து அந்த போனில் நம் வீட்டு ஈரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காதே, தூங்கு. காலையில் வெறும் வயிற்றோடு ரயிலேறாதே. பனிமய மாதா உன்னைக் கண் போலக் காக்கட்டும், உன் கைவேலை எல்லாம் விளங்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நேசக்குமாருக்குப் போன் போட மறக்காதே.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்
அப்பா,
செபாஸ்டின்

பி.கு. எழுதி முடித்து மடிக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். வாசித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். பிறகு பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் இடது கையால் எழுதியது, அரை மணி நேரம் ஆயிற்று, நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

அனுஜா நீ அடைக்கச் சொன்னா அடைச்சிருதேன். ஒரு நாள் நீயும் வந்து ஜன்னலுக்கு வெளிய நில்லு.